மூன்றில் ஒரு பைண்ட்

எங்கள் ஆட்கள் குடிப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். ஊரில் தவறணை வாசலில் பார்த்தேன். இங்கே லண்டனில் கல்யாண மண்டபங்களுக்கு வெளியே, வரிசையாக நிற்கும் கார்களுக்குப் பின்னால் பார்க்கிறேன். குடித்தவர்கள் எத்தனையோ பேர். ருசித்துக் குடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி, ஒரே மூச்சில் இறக்கி, முகத்தைச் சுளித்து, ஒரு பிடி மிக்சரால் அந்தச் சுளிப்பை மூடிவிட்டு அடுத்ததுக்குக் கையை நீட்டுவார்கள். வாய்க்கே பிடிக்காத ஒன்றை ஏன் இத்தனை அவசரமாக உள்ளே அனுப்புகிறார்கள் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

மதுவின் பக்கம் யாரையும் இழுப்பதற்காக இதை நான் எழுதவில்லை. குடிக்காதவர் குடிக்காமலே இருக்கட்டும், அதைவிட நல்லது வேறில்லை. உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் வீடுகளில் குடி இருக்கிறது. அதை இல்லை இல்லை என்று மறைப்பதால் பிள்ளைகள் அதைக் கார் நிறுத்துமிடத்தில்தான் முதன்முதலில் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய தகப்பன்மாரையும் நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது விம்பிள்டனில். எஃப்ரா வீதியில் 1981இல் கணபதி கோயில் வந்தது. அதைச் சுற்றி இந்தப் பக்கத்தில் எங்கள் குடும்பங்களும் வேர் விட்டன. கோயிலிலிருந்து கிழக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் வான்டில் ஆறு. சின்ன ஆறுதான். ஆனால் ஒரு காலத்தில் கரை நெடுகிலும் ஆலைகளை ஓட்டியிருக்கிறது. வில்லியம் மொரிஸ் தன்னுடைய துணி அச்சிடும் பட்டறையை 1881இல் மெர்ட்டன் அபியில் இந்த ஆற்றங்கரையில்தான் வைத்தார். ஆறு தேம்சில் சேருகிற வான்ட்ஸ்வர்த்தில் யங்ஸ் நிறுவனத்தின் பழைய பியர் ஆலை இருந்தது. 2006இல் மூடும் வரைக்கும் அக்கம்பக்கத்துப் பப்களுக்குக் குதிரை வண்டியில் பீப்பாய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்றைக்கு இந்தப் பகுதித் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் கார் திருத்துகிற இடத்துக்கும் மரவேலைப் பட்டறைக்கும் பக்கத்தில் சின்னச் சின்னப் பியர் ஆலைகள் இருக்கின்றன. 2002இல் நிதியமைச்சராக இருந்த கோர்டன் பிரவுன் சிறிய ஆலைகளுக்குப் பியர் வரியைக் குறைத்தார். நாடு முழுவதும் இப்படியான ஆலைகள் முளைத்ததற்கு அந்த வரிக்குறைப்புப் பெரிய காரணம்.

அப்படி ஒரு கொட்டகைக்கு என் மருமகன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. எங்கள் காலத்தில் மாமனுக்கு முன்னால் மருமகன் கிளாசைத் தூக்கமாட்டான்; வளவுக்குப் பின்னால் போய்த் தூக்குவான். இவர் நேரே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

“மாமா, இதைக் கொஞ்சம் ருசி பாருங்கோ. மூன்றில் ஒரு பைண்ட்தான் எடுத்தனான்.”

“என்ன தம்பி, இவ்வளவு கறுப்பாக் கிடக்கு. கோப்பியோ?”

“முதல்ல மணந்து பாருங்கோ. குடிக்க அவசரப்பட வேண்டாம்.”

இந்த நாட்டில் குழாயிலிருந்து வார்க்கும் பியரை மூன்றில் ஒன்று, அரை, மூன்றில் இரண்டு, முழு பைண்ட் என்ற அளவுகளில்தான் விற்கலாம். சட்டம் அப்படி. மூன்றில் ஒன்று என்றால் 190 மில்லிலீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படி ஓர் அளவு இருப்பதையே எங்கள் ஆட்களில் பலர் அறியமாட்டார்கள். கேட்டு வாங்குபவரை நான் கண்டதில்லை.

கண்ணாடிக்குள் அது கறுப்பு. ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தால் விளிம்பில் மட்டும் மாணிக்கச் சிவப்பு ஓடியது. நுரை பழுப்பு. கண் கோப்பியை எதிர்பார்க்கச் சொல்ல, மூக்குக்கு வந்தது தோடம்பழத் தோல் வாசமும் பைன் மரப் பிசின் வாசமும். வாயில் வைத்தபோது வறுத்த தானியத்தின் சுவை முதலில் வந்து ஒதுங்கிக்கொண்டது. விழுங்கிய பிறகுதான் கைப்பு எழும்பியது. நாக்கின் அடியிலிருந்து மெதுவாக ஏறி, அண்ணத்தில் நின்று, நேரமெடுத்து இறங்கியது. நான் அடுத்த வாய்க்குக் கிளாசைத் தூக்கினேன். மருமகன் கையால் தடுத்தார். “கைப்பு அடங்கட்டும் மாமா. அதுக்குப் பிறகுதான் மற்ற ருசி தெரியும்.”

அவர் சொன்னபடி இருந்தேன். கைப்பு அடங்கிய பிறகு ஒரு மெல்லிய இனிப்பு வந்தது.

அம்மா பொரித்துத் தந்த வேப்பம்பூ வடகம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் முதலில் அதைத் துப்புவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகு சோற்றோடு நுள்ளிக் கடிப்பார்கள். அதற்கும் பிறகு, வடகம் இல்லாத சாப்பாடு அவர்களுக்குச் சாப்பாடாகவே தெரியாது. ஆனாலும் ஒருவரும் வடகத்தைக் கைநிறைய அள்ளித் தின்பதில்லை. எவ்வளவு போதும் என்பதை அந்தக் கைப்பே சொல்லிவிடும். சாராயத்தையும் விஸ்கியையும் சோடாவும் கோலாவும் கலந்து நாக்குக்குத் தெரியாமல் இறக்குகிறவர்களுக்கு அந்தக் குரல் கேட்பதில்லை. நாக்கை ஏமாற்றிவிட்டால் அளவு சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தக் கொட்டகையில் வேலை செய்த இளைஞர் அண்டாக்களைக் காட்டி விளக்கினார். பார்லியை ஊறவைத்து, முளைகட்டவிட்டு, காயவைத்தால் மோல்ட். இந்தப் பியரிலும் பெரும்பங்கு வெளிறிய மோல்ட்தான். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கருக வறுத்ததைச் சேர்த்தாலே முழு அண்டாவும் கறுத்துவிடுமாம். பிறகு ஹொப்ஸ். அது ஒரு கொடியின் பெண்பூ. லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் காலங்காலமாகப் பயிராகிறது. அந்தப் பூவைக் கொதியின் தொடக்கத்தில் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் கைப்பைக் கொடுக்கும். அந்தக் கொதியில் அதன் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். கொதி முடிகிற நேரத்தில் போட்டால் கைப்பு அவ்வளவு இறங்காது, வாசம் தங்கும். நொதித்த பிறகு, கொதிக்கவே வைக்காமல் தாங்கியில் இன்னொரு முறை போட்டு ஊறவிட்டால் எனக்கு வந்த அந்தத் தோடம்பழத் தோல் வாசம். பூ ஒன்றுதான். எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நொதிக்க ஒரு வாரம், தெளிந்து பக்குவப்பட இன்னும் ஒன்றிரண்டு வாரம். அத்தனை நாள் ஒருவர் காத்திருந்து செய்ததை அரை நிமிடத்தில் விழுங்குவது செய்தவருக்கு நாம் காட்டும் மரியாதையா?

நான் குடித்த அந்தப் பியரைப் பிளாக் ஐ.பி.ஏ (கறுத்த இந்தியா பேல் ஏல்) என்கிறார்கள். 1990களில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிரெக் நூனன் என்பவர் காய்ச்சத் தொடங்கிய வகை என்பார்கள். ஆனால் கறுத்த, ஹொப்ஸ் தூக்கலான பியருக்கு லண்டனில் வயது கூட. 18ஆம் நூற்றாண்டில் இந்த நகரத்துச் சுமை தூக்கும் கூலியாட்கள் விரும்பிக் குடித்தது போர்ட்டர். முதலில் அது பழுப்பு நிறந்தான். 1817இல் டானியல் வீலர் என்பவர் மோல்டை உருளையில் வைத்துக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இப்போதுள்ள கறுப்பு வந்தது. லண்டன் பியரை ஏற்றிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் போய்ச் சேரப் பல மாதங்கள் பிடிக்கும். பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடக்க வேண்டும். அந்த வெக்கையில் பியர் புளிக்காமலிருக்க ஹொப்ஸைக் கூட்டிப் போட்டார்கள். அதிலுள்ள கைப்பு அமிலம் புளிக்கவைக்கும் பக்டீரியாவை அடக்கும். லண்டன் போ பகுதியில் ஹொட்ஜ்சன் காய்ச்சிய வெளிறிய பியர் அதிகாரிகளுக்குப் போனது. கறுத்த போர்ட்டர் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் போனது. ஆகவே மதராசுக் கோட்டைக்குள் கறுத்த கைப்புப் பியர் இருநூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. இலங்கையிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே நுவரெலியாக் குளிரில் பியர் காய்ச்சினார்கள். அந்த வழியில் வந்த லயன் ஸ்டவுட், 8.8 சதவீத மதுவோடு, இங்கேயும் கிடைக்கிறது. மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர் (பாடகர் வேறு) அதைத் தேடிப் போய்க் குடித்துப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். எங்கள் பெடியன்கள் அதைத் தண்ணீர்ப் போத்தல் போலக் கவிழ்ப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

விம்பிள்டனின் பழைய பியர் ஆலை 1889இல் எரிந்து போனது. அந்தப் பெயரில் 2015இல் புதிதாக ஒன்று தொடங்கியபோது அண்டாவுக்குப் பொறுப்பாக வந்தவர் டெரெக் பிரெண்டிஸ். ட்ரூமன்ஸ், யங்ஸ், புல்லர்ஸ் என்று லண்டனின் மூன்று பெரிய ஆலைகளில் பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். பிரிக் லேனிலிருந்த ட்ரூமன்ஸ் ஆலை 1989இல் மூடியது. யங்ஸ் மூடிய கதை மேலே சொன்னேன். ஆலைகள் போயின, அவர் கைக்குள் இருந்த தொழில் போகவில்லை. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் இளைஞர்களோடு சேர்ந்து அடுத்த அண்டாவைக் கொதிக்க வைத்தார். ஊரையும் வீட்டையும் தொழிலையும் விட்டு வந்த எங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

எங்கள் ஊரிலும் அப்படியான கைகள் இருந்தன. பனையிலிருந்து இறக்கும்போது முட்டிக்குச் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. பாளையை எப்போது கட்டுவது, எப்படித் தட்டுவது, எவ்வளவு சீவுவது என்பதெல்லாம் தகப்பனிடமிருந்து மகன் கற்ற நுட்பம். எங்கள் ஒழுங்கையில் ஒரு முதியவர் இருந்தார். பின்னேரம் வேலிக்கரையில் குந்தி, பனையோலைப் பிளாவை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டு, இது எந்த வளவு மரம் என்று சொல்லுவார். ஒரு பிளாவோடு எழும்பிவிடுவார். அவர் தள்ளாடி நான் கண்டதில்லை. கள்ளு அன்றைக்கு அன்றைக்கே முடிய வேண்டியது. பொழுது சாய்ந்தால் புளித்துவிடும், சேர்த்து வைக்க ஏலாது. அலுமாரிக்குள் வருடக்கணக்கில் இருக்கும் சாராயத்துக்கும் விஸ்கிக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கள்ளைக் குடித்த வீட்டுக்காரர்கள், மரமேறிச் சீவித் தந்தவரைத் தங்கள் திண்ணையில் இருக்க விடவில்லை. இங்கே காய்ச்சுபவரின் பெயரைச் சொல்லிப் பியரைப் புகழ்கிறார்கள். அங்கே செய்தவருக்கு மரியாதை இல்லை. அதனால் செய்த பொருளுக்கும் மரியாதை வரவில்லை. மரியாதை இல்லாத பொருளை மனிதன் மறைத்துத்தான் குடிப்பான், அவசரமாகத்தான் குடிப்பான். எங்கள் குடி நோயின் ஒரு வேர் அங்கே கிடக்கிறது என்பது என் முடிவு.

எங்கள் இலக்கியம் இதில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. அதியமானும் ஔவையாரும் ஒன்றாக இருந்து கள்ளுண்டதைப் புறநானூறு மறைக்கவில்லை. அதுவும் மன்னனும் பெண்பாற் புலவரும். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். இரண்டையும் படித்து வளர்ந்த நாங்கள் வள்ளுவரை மேடைக்கும் கள்ளை இருட்டுக்கும் அனுப்பிவிட்டோம்.

இருட்டுக்குள் கணக்கு இல்லை. வெளிச்சத்தில் ஒரு தரம் கணக்குப் பார்ப்போம். 10 மில்லிலீட்டர் சுத்த மது ஒரு யூனிட். ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது, அதையும் ஒரே நாளில் குடிக்காமல் மூன்று நாளுக்காவது பரப்பிக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டன் மருத்துவத் தலைமை 2016இல் சொன்னது. நான் குடித்த கறுத்த பியர் 6 சதவீதம். மூன்றில் ஒரு பைண்டுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூட. 40 சதவீத விஸ்கியில் 700 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றில் 28 யூனிட். இரண்டு பேர் ஒரு வாரம் முழுவதும் குடிக்கக்கூடிய மேல் எல்லை அது. மண்டபத்துக்கு வெளியே நாலு பேர் நின்று, தாலி கட்டி முடிவதற்குள் அதை முடித்துவிட்டு, அடுத்ததைக் காரிலிருந்து எடுப்பதை நான் பார்க்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்குச் சீனி வியாதி, எத்தனை பேருக்கு பிரஷர்! இன்சுலின் எடுப்பவருக்கு மது சீனியைச் சட்டென்று இறக்கிவிடும். அவர் மயங்கி விழுந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் வெறி என்று நினைத்து அப்படியே படுக்க விடுவார்கள். அது உயிருக்கு ஆபத்து.

குடியின் விலையைக் குடிப்பவன் மட்டும் கட்டுவதில்லை. 1814 அக்டோபர் 17ஆம் தேதி லண்டன் டொட்டன்ஹாம் கோர்ட் வீதியில் இருந்த பியர் ஆலையில் 22 அடி உயரமான போர்ட்டர் தொட்டி ஒன்று வெடித்தது. யார் பெரிய தொட்டி கட்டுவது என்று ஆலைகள் போட்டி போட்ட காலம் அது. வெள்ளம் பக்கத்து ஏழைக் குடியிருப்புக்குள் பாய்ந்து எட்டுப் பேர் செத்தார்கள். அவர்களில் சிலர் செத்துப்போன ஒரு குழந்தைக்காக வீட்டில் துக்கம் காத்துக்கொண்டிருந்தவர்கள். எட்டுப் பேரும் பெண்களும் குழந்தைகளும். தற்செயலாக, துரதிர்ஷ்டத்தால் நேர்ந்த விபத்து என்று தீர்ப்பாகி, ஆலைக்குத் தண்டனை இல்லாமல் போனது. எங்கள் வீடுகளிலும் இரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தத்தை எதிர்பார்த்து முழித்திருப்பது யார்? அடுத்த நாள் உறவினருக்குச் சாக்குச் சொல்லுவது யார்? விதி என்று அதற்குத் தீர்ப்பு எழுதுவதும் நாங்கள்தானே?

தம்பிமாரே, என் வயதுக்காரரே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. உங்களுக்குக் குடி வேண்டாமென்றால் யார் வற்புறுத்தினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வற்புறுத்துகிறவர் உங்கள் சொந்தக்காரரே ஆனாலும் விடாதீர்கள். குடிப்பதென்றால் காருக்குப் பின்னால் போகாதீர்கள். மனைவி பிள்ளைகள் இருக்கும் மேசையில், சாப்பாட்டோடு, சின்னக் கிளாசில், மணந்து பார்த்து, கைப்பு அடங்கும்வரை பொறுத்துக் குடியுங்கள். கார்ச் சாவியை முதலே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் ஒரு வாய்கூட வைக்காதீர்கள்.

காலையில் எழும்பியதும் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த ருசிப் பேச்சு பொருந்தாது. வீராப்பில் ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். உங்கள் ஜீ.பி.யிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். படிப்படியாக விடுவதற்கு என்.எச்.எஸ்ஸில் மருந்தும் ஆளும் உண்டு. நீங்கள் அங்கே சொல்வது உங்கள் சொந்தக்காரர் காதுக்குப் போகாது.